மார்கழி வீடு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குளிரில் தொடங்கி ஈரத்தில் முடிகின்றன. சென்னைக்கு அது பொருத்தம்தான். மார்கழி, தை அதிகாலையிலும் இங்கே வெப்பநிலை பெரும்பாலான நாட்களில் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அந்த அளவுக்கு ஒரு போர்வை போதும். ஆனால் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த ஈரம் சுவரிலும் மெத்தையிலும் துணியிலும் தங்கிவிடுகிறது. ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 21 டிகிரியிலேயே நமக்கு வெடவெடக்கிறது. முதலில் ஈரத்தை வெளியேற்றுங்கள். போர்வையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: குளிருக்காக மாலை 5 மணிக்கே எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஆனாலும் படுக்கையறை சில்லென்று இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. பெயின்ட் அடித்துவிடலாமா?
– வாசகி, அடையாறு

பதில்: இப்போது பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் இரண்டு மாதத்தில் கொப்புளம் விட்டு உரியும். அடியில் இருக்கும் பூசணம் அதன் வழியாகவே திரும்ப வரும்.

சாத்திய அறைக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். நான்கு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீராவது காற்றில் கலக்கும். உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட ஒரு மெஷின் துணியிலிருந்து இன்னும் இரண்டு லிட்டர். குளியலறை ஆவியும் குக்கர் ஆவியும் தனி. இவ்வளவும் வெளியே போக வழியில்லாமல், வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமே இல்லாத பீரோ பின்சுவர் அதற்குத் தோதான இடம்.

ஆனால் எல்லா ஓதமும் உள்ளிருந்து வருவதில்லை. சுவருக்குள்ளிருந்தும் வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் கசிவு சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரிலிருந்துதான் என்றால், மழைக்குப் பின் கறை பெரிதாகிறதா என்று கவனியுங்கள். பெரிதானால் வெளிச்சுவர் விரிசலோ, ஜன்னல் சன்ஷேடின் மேல் தேங்கும் நீரோ காரணம். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் இருந்தால் குழாய்க் கசிவு, குறிப்பாகப் பக்கத்துக் குளியலறை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் உப்புப் பூத்திருந்தால் நிலத்தடி ஈரம் மேலேறுகிறது. எதுவாக இருந்தாலும் பூச்சு வேலையை மாசிக்குப் பிறகு, சுவர் நன்றாகக் காய்ந்ததும் செய்யுங்கள். மழைக்காலத்தில் போட்ட புட்டி நிற்காது.

அறை ஈரம்தான் என்றால் மூன்று வேலை. பீரோவைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் நகர்த்தி வையுங்கள். மழையில்லாத நாட்களில் காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியையும் ஓடவிடுங்கள். வெயில் ஏறிய அந்த நேரத்தில்தான் சுவரும் சூடாகி ஈரத்தை விடும். விடியற்காலையில் பனிக்காற்றை உள்ளே விட்டுப் பயனில்லை. இரவில் முழுவதும் சாத்தாமல் ஒரு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். அடைமழை நாட்களில் வெளிக்காற்றும் ஈரமாகவே இருக்கும் என்பதால், ஏசி இருந்தால் 26 டிகிரியில் ‘டிரை’ முறையில் ஒரு மணி நேரம் ஓட்டலாம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. பீரோவின் மேல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 60 அளவில் நின்றால் கவலையில்லை.

இருக்கும் பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் வித்து அறை முழுக்கப் பறந்து மூச்சுக்குழாயில் இறங்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். கறை நின்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி ப்ளீச் திரவம் கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, மின்விசிறியில் காயவிடுங்கள். அந்த ப்ளீச்சைக் குளியலறை ஆசிடோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். நான்கு வருடப் பழைய 15 லிட்டர் கீசர் ‘கடகட’ என்று சத்தம் போடுகிறது. சூடாக அரை மணிக்கு மேல் ஆகிறது. இரண்டு நாளாகக் குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: நீங்கள் சொன்னவற்றில் அந்தச் சுரீர்தான் முதலில் கவனிக்க வேண்டியது. கீசரின் எம்.சி.பி.யை (அதற்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இப்போதே இறக்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அந்தக் குளியலறையில் யாரும் வெந்நீர்க் குழாயைத் தொட வேண்டாம். ‘லேசாகத்தானே அடிக்கிறது’ என்று விட்டுவிடக் கூடாது. ஈரக் காலோடு நிற்கும்போது உடம்பின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும்; நேற்று சுரீர் என்றது நாளை உயிரை எடுக்கலாம். குழாயில் மின்சாரம் வருகிறது என்றால் இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கிறது: காயிலின் உறை விரிந்து மின்சாரம் தண்ணீரில் இறங்குகிறது, அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த்தும் வேலை செய்யவில்லை. காயிலை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை விட்டுவிடுகிற பழக்கம் உண்டு. இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதச் செலவில் முதலில் அதைச் சேருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத கணக்குதான்.

சத்தத்துக்கும் தாமதத்துக்கும் காரணம் ஒன்றே. கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து காயில் மேல் ஓடுபோல் படிகின்றன. ஓட்டுக்கு அடியில் சிக்கும் நீர் கொதித்து வெடிப்பதுதான் நீங்கள் கேட்கும் கடகட. நல்ல நிலையிலுள்ள 2,000 வாட் காயில் 15 லிட்டரை 24 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 19 நிமிடம் போதும். மின்சாரம் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட ஆகாது. உங்களுக்கு அரை மணிக்கு மேல் ஆவதால் படிவு கணிசமாக இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி வாக்கில், தொட்டியைக் காலி செய்து காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். தட்டி உடைத்தால் உறை கீறிவிடும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். திறக்கும்போதே மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் கேஸ்கட்டும் புதிதாகவே போட வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் ஒரு மாதத்தில் கசியும்.

வால்வு சொட்டுவதைப் பற்றிப் பயம் வேண்டாம். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. கூடுதல் அழுத்தம் அந்த வழியாக இறங்குகிறது. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால் வால்வில் உப்பு அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அதை மூடி போட்டு அடைக்காதீர்கள். அடைத்தால் தொட்டி வெடிக்க வாய்ப்பு உண்டு.

குளிக்கும்போது வாளியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைக்கும் முதியவருக்கும் 37, 38 டிகிரி போதும். முழங்கையை நனைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது.

கேள்வி: மொட்டை மாடியில் துணி போட அனுமதியில்லை. பால்கனியில் இரண்டு நாளானாலும் ஜீன்ஸும் துண்டும் காய்வதில்லை. காய்ந்தாலும் முடை நாற்றம்.
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: துவைத்த துணி நெடுநேரம் ஈரமாக இருந்தால் அதில் மிஞ்சிய அழுக்கைத் தின்று பாக்டீரியா பெருகும். நாற்றம் அதனுடையது. ஆகவே வாசனைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றுவதில் பயனில்லை; அது நூலில் படிந்து துண்டு நீரை உறிஞ்சுவதையும் கெடுக்கும். காயும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

மெஷின் முடிந்ததும் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். வெயிலில் நான்கு மணி நேரம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அந்த ஐந்து நிமிடம் செய்துவிடும். பிறகு துணிகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பு மேலே இருக்கும்படி கிளிப் போட்டு, பை இரண்டையும் வெளியே இழுத்துவிட வேண்டும். மழை நாளில் எல்லா அறையிலும் பரப்பாமல் ஒரே அறையில் போட்டு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். ஈரம் படுக்கையறைக்கு வராது. ஏற்கெனவே நாற்றம் ஏறிய துண்டுகளை 60 டிகிரி நீரில், வழக்கமான சோப்பில் பாதி போட்டு ஒருமுறை துவைத்தால் போய்விடும். மெஷினின் ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். பல வீடுகளில் நாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரை நோய் உண்டு. தரைத்தளம், மொசைக் தரை. இரவு முழுக்கக் கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறார். சரியா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: இன்று இரவே நிறுத்துங்கள். நெடுநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுகிறது என்பதே தெரியாமல் தோல் வெந்து, அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் போகும். இவர்களுக்குப் பாதத்தில் வெந்நீர்ப் பை, மின் போர்வை இரண்டுமே ஆகாது. மாலையில் வயிற்றிலோ முதுகிலோ சிறிது நேரம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், கொதிநீர் அல்லாமல் கை பொறுக்கும் சூட்டில் பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிக் கொடுங்கள். படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

காலுக்கு வேண்டியது சூட்டைத் தருகிற பொருளல்ல. இருக்கிற சூட்டைக் காக்கிற பொருள். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஜமக்காளம் விரித்து, அது நழுவாமல் அடியில் ரப்பர் வலை போடுங்கள். இறுக்கமில்லாத பருத்திக் காலுறை, அடியில் பிடிப்புப் புள்ளிகள் உள்ளதாக. வழுவழுப்பான காலுறையோடு மொசைக்கில் நடந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கனமான ஒரு கம்பளியைவிட மெல்லிய இரண்டு போர்வை இதமானது, இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முதியவரால் ஒன்றை விலக்கிக்கொள்ளவும் முடியும். இலவம்பஞ்சு மெத்தையை வாரம் ஒருமுறை உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டுத் திருப்புங்கள். ஈரம் போன மெத்தையில் படுத்த அன்றே வித்தியாசத்தை அம்மாவே சொல்வார்.

தினமும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குதிகால் வெடிப்புக்குக் குளித்து ஈரம் ஒற்றியதும் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் தடவக்கூடாது. விடியற்காலை 5 மணி நடையை 7 மணிக்கு மாற்றுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும்.

கேள்வி: கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் மாமியார் சாம்பிராணி போடச் சொல்கிறார். இரவில் கொசுவத்தியும் உண்டு. குளிரென்று கதவையும் சாத்துகிறோம்.
– வாசகி, தாம்பரம்

பதில்: தலை ஈரம் காய்ந்து சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே மாமியாரின் அக்கறை. அந்த அக்கறையை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றலாம். கரி நெருப்பு மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை குழந்தையின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். மெல்லிய பருத்தித் துண்டு இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்றால் ஒற்றி, உலர்ந்த இரண்டாவதால் மீண்டும் ஒற்றினால் பச்சிளம் முடி சில நிமிடத்தில் காய்ந்துவிடும். குளிப்பாட்டலை வெயில் ஏறிய பிறகு, 10 மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜைக்குச் சாம்பிராணி போடும் நாளில் குழந்தை வேறு அறையில், ஜன்னல் திறந்தபடி.

கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் குளிர்காற்றும் நேராக அடிக்காது. பகலில் கடிப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. அதனால் வாரம் ஒருநாள் பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். சம்ப் மூடியின் ஓரத்தையும் பாருங்கள்.

குழந்தைத் துணியில் நாஃப்தலின் உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்ந்த வேப்பிலை போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று இந்தப் பக்கம் முழுக்கச் சொல்கிறோம். அதற்கு விலக்கு போகி விடியல். அன்று புகையும் பனியும் தரையோடு படியும். முந்தின இரவே சாத்தி, வெயில் வந்து புகை கலைந்த பிறகு திறங்கள்.

கேள்வி: டிசம்பர் வந்தால் இட்லி மாவு பொங்குவதில்லை. தயிரும் உறைவதில்லை. சோடா உப்புப் போடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். சோடா உப்பு குமிழியைத் தரும், புளிப்பைத் தராது. இட்லி மஞ்சளித்துச் சப்பென்று இருக்கும். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை பிடிக்கும். இப்போது இரவில் உங்கள் சமையலறை 23, 24 டிகிரிதான். கோடையில் கிரைண்டர் சூட்டுக்காக ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்த பழக்கத்தை இந்த இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீர் விடுங்கள். நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை உளுந்தோடு ஊறவையுங்கள். அரைத்ததும் கையால் கலக்கி, பாத்திரத்தைக் கை பொறுக்கும் சூட்டு நீர் உள்ள அகலமான அண்டாவில் வைத்து மூடுங்கள். அல்லது அணைத்திருக்கும் மைக்ரோவேவுக்குள் ஒரு டம்ளர் வெந்நீரோடு வைத்துக் கதவைச் சாத்துங்கள். எட்டு மணி நேரம் எதிர்பார்க்காமல் 12, 14 மணி நேரம் கொடுங்கள். முதல் நாள் மாலை 4 மணிக்கே அரைத்துவிட்டால் காலை இட்லிக்குச் சரியாக இருக்கும். தயிருக்குப் பால் 42, 43 டிகிரி, அதாவது விரலை வைத்தால் சுடாமல் கதகதவென்று இருக்க வேண்டும். அரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உறை, ஹாட்பாக்ஸில் எட்டு மணி நேரம்.

தேங்காய் எண்ணெய் உறைவதைக் கலப்படம் என்று இன்னொரு வாசகி எழுதியிருந்தார். 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் போதும், அடுப்பில் காட்ட வேண்டாம்.

கேள்வி: ரூம் ஹீட்டர் வாங்கலாமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: சென்னைக்குத் தேவையில்லை. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் எடுக்கும், ஈரத்தை வெளியேற்றாது. அந்தப் பணத்துக்கு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தால் இரவில் பயமில்லாமல் திறந்து வைக்கலாம்.

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து குளியலறைக் கதவும் வாசல் கதவும் உப்பிக்கொண்டு சாத்த வரவில்லை. தச்சரை அழைத்து இழைத்துவிடலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: இப்போது இழைத்தால் பங்குனியில் மரம் சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். கீல் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள். பல கதவுகள் உப்பியதால் அல்ல, தொங்கியதால்தான் இடிக்கின்றன. வெயில் காலத்தில் கதவைக் கழற்றி, பெயின்ட் படாமல் விட்டுப்போன மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறுவது அந்த இரண்டு விளிம்பு வழியாகத்தான்.